கடைக்குள் சிலந்தி ஏன் வருகிறது?

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரருக்கு ஒரு தொல்லை. ஒட்டடைக் கம்பால் மூலைமுடுக்கெல்லாம் சுத்தம் செய்வார். சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் சிலந்தி வலை! அலுத்துப்போய், கடை முழுவதும் பூச்சிமருந்து தெளித்துவிடலாமா என்று யோசித்தார்.

கீழே அரிசி, பருப்பு, ரவை மூட்டைகள். மருந்து அவற்றின் மேலும் படியும் அல்லவா? அந்த அரிசியைத்தான் நாம் சமைத்து உண்கிறோம். வலையில் தொங்கும் சிலந்தியோ மருந்து பட்ட தரையில் அதிகம் நடமாடுவதில்லை. ஆகவே வேறு வழி தேடுவோம்.

சிலந்தி பூச்சி இனம் அல்ல. பூச்சிக்கு 6 கால்கள். சிலந்திக்கு 8 கால்கள். கடையிலுள்ள தானியம் எதையும் அது தின்பதில்லை. பூச்சிகளே அதன் இரை. இரை கிடைக்கும் இடத்தில்தான் அது தங்கும்.

அப்படியானால் கடையில் என்ன இரை கிடைக்கிறது? வலைகளை ஒரு வெள்ளைத் தாளில் உதறிப் பார்த்தோம். வாசல் விளக்கருகே இருந்த வலையில் கொசுக்களும் ஈசல் இறகுகளும் இருந்தன. மூட்டைகளுக்கு மேலே இருந்த வலையிலோ பழுப்பு நிற அந்துப்பூச்சிகள்!

முதல் வலைக்குக் காரணம் விளக்கு. புற ஊதாக் கதிர்களும் நீல ஒளியும் இரவுப் பூச்சிகள் பலவற்றைக் கவர்ந்திழுக்கும். மஞ்சள் ஒளிக்கு வரும் பூச்சிகள் குறைவு.

இரண்டாவது வலைக்குக் காரணம் ரவை மூட்டை. அதைப் பிரித்தபோது ரவை கட்டிகட்டியாக, மெல்லிய இழைகளால் பிணைந்திருந்தது. "இங்கேயும் சிலந்தியா?" என்றார் கடைக்காரர். இல்லை! இது அரிசி அந்துப்பூச்சியின் புழு நூற்ற இழை. சிலந்தி வலையைப் பார்த்ததால்தான் மூட்டை கெட்டுப்போனது தெரிந்தது.

பிறகு செய்ய வேண்டியவை எளியவை:

1. வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு.
2. ஜன்னலுக்குக் கொசுவலை, கதவிடுக்கை அடைத்தல்.
3. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குதல். பழைய சரக்கை முதலில் விற்றல். புழு பிடித்த சரக்கை உடனே அகற்றுதல்.
4. வாரந்தோறும் ஒட்டடை அடித்தல். முட்டைப் பை தென்பட்டால் அதையும் அகற்ற வேண்டும். அதிலிருந்து பல குஞ்சுகள் வெளிவரும்.

ஒட்டடை மட்டும் அடித்தால் வலைதான் போகும். இரையும் குறைந்தால்தான் சிலந்தி குறையும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் விளக்கருகே ஒரு வலையையும் இருண்ட மூலையில் ஒரு வலையையும் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம், தினமும் சிக்கிய பூச்சிகளை எண்ணி அட்டவணையில் எழுதுங்கள். எதில் அதிகம்? ஏன்? சிலந்தியைக் கையால் பிடிக்க வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும்.