யான் இவ்வூரேன்

ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்போர்க்குரிய பாடநூல்களில், பெயர் கூறும் பயிற்சியை அடுத்துப் பெரும்பாலும் வருவது ‘தே தோந்தே எரேஸ்?’ என்னும் வினாவாகும். ‘நீ எந்த ஊரைச் சேர்ந்தவன்?’ என்பது அதன் பொருள். விடை கூறப் புகும் மாணாக்கன் அவ்விடத்தில் சற்றே தயங்குவான். அம்மொழியில் இதற்கு இரண்டு வினைகள் உண்டு. பிறந்த ஊர், குடி, இயல்பு ஆகியவற்றைக் கூறுவது ‘செர்’. ஒருவன் இப்போது இருக்கும் இடத்தைக் கூறுவது ‘எஸ்தார்’.

தமிழ் இலக்கணம் பயின்ற மாணாக்கனுக்கு இது புதுமையன்று. ‘யான் இவ்வூரேன்’ என்பது இடப்பெயரடியாகப் பிறந்த குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. ‘யான் இவ்வூரில் இருக்கின்றேன்’ என்பதோ நிகழ்காலம் காட்டும் தெரிநிலை வினை. நாளை வேற்றூர் சென்றால் பின்னது மாறும், முன்னது மாறாது. இலக்கணத்தை வறட்டுப் பாடம் என்று வெறுப்போர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு செங்கற்பட்டு மாவட்டத்திலேயே உண்டு. அம்மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரும் 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அம்மாநிலத்தின் பெயரே 1513-இல் ஸ்பானியக் கடலோடியாகிய போன்சே தே லெயோன் இட்டது. அங்குள்ள சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பல்கிப் பெருகிச் சிறு விலங்குகளை அழித்து வந்தன. இருவரும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே பிறர் துணையோடு 13 பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண்பாம்பு. அந்நாளில் அவர்கள் ஸ்பானியம் பேசியிருப்பின், ‘சோய் தே செங்கற்பட்டு’ எனச் ‘செர்’ வினையாலும், ‘எஸ்தோய் என் புளோரிடா’ என ‘எஸ்தார்’ வினையாலும் கூறியிருப்பர். 2023-இல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இருளர் முன்பு பாம்புத்தோல் விற்று வாழ்ந்தவர். 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்த பின்னர் அவ்வணிகம் நின்றது, குடும்பங்கள் வாடின. 1978-இல் மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் அவர்தம் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளின் நஞ்சை எடுத்து, பாம்புகளை மீண்டும் காட்டிலே விடுவர். அந்நஞ்சு நச்சுமுறி மருந்து செய்யப் பயன்படுகிறது.

எனினும், ‘நீ யார்?’ என்னும் வினாவுக்கு இருளர் வீட்டுப் பிள்ளையின் வாய்ச்சொல் மட்டும் போதுவதில்லை. பழங்குடியினர் என்னும் சான்றிதழைக் கோட்டாட்சியர் வழங்கவேண்டும். அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் வேலை தேடி ஊர்ஊராகச் சென்ற பெற்றோரிடம் வீட்டுமனைப் பட்டாவோ பழைய பள்ளிச் சான்றோ இருப்பதரிது. சான்றிதழ் இல்லையேல், பழங்குடியினர்க்குரிய உதவித்தொகையும் கல்லூரி இடமும் கைக்கு எட்டா. ‘எஸ்தார்’ வினைக்கே விடை நிலையாத குடும்பத்திடம் ‘செர்’ வினைக்குத் தாள் கேட்பது எத்துணைக் கடினம்!

தாள் கேளாத இடம் ஒன்றுண்டு. மாசி மாத முழுநிலா நாளில் பல ஊர்களிலிருந்தும் இருளர் மாமல்லபுரக் கடற்கரையில் வந்து கூடுவர். சேலைகளாலும் கொம்புகளாலும் மணலில் குடில் அமைப்பர். சினந்து கடல்புகுந்த கன்னியம்மனை மீண்டும் அழைப்பதாகக் கூறி, விடியலில் அலையோரத்தில் வழிபடுவர். குழந்தைகளுக்கு முடியிறக்குவதும் காது குத்துவதும் அங்கேயே நிகழும், திருமணங்களும் நடைபெறும். வழிபாடு முடிந்ததும் குடில்களைப் பிரித்துச் சேலைகளை மடித்து எடுத்துக்கொண்டு, அவரவர் வேலை செய்யும் ஊருக்குத் திரும்புவர்.