மோட்டார் வண்டியின் வால்வு இடைவெளியை வீட்டிலேயே சரிசெய்தல்

நிலக்காரர் இல்லங்கள் சிலவற்றில் அம்பாசிடர் மோட்டார் வண்டி இன்னும் பேணப்பட்டு வருகின்றது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்றாகையால், என்ஜினைக் கெடுத்துக்கொண்டவர் அதற்கேற்ற பாகத்தைத் தேடி அலைய நேரிடும். அதன் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜினில், உடையவர் தாமே செய்துகொள்ளத்தக்கதும், தவறாகச் செய்யின் பெருநஷ்டம் விளைப்பதுமான வேலையொன்று உண்டு. தொழிலாளர் அதனை டேப்பட் செட்டிங் என்பர்.

இவ்வெஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் உள. வால்வுத் தண்டின் நுனிக்கும் அதனை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர், இடைவெளி இருத்தல் வேண்டும். தண்டு சூடேறினால் நீளும். நீளுவதற்கு இடமில்லாவிடில் வால்வு தன் ஆசனத்தில் முழுதும் அமராது.

இங்கு ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. 'டக் டக்' என்று ஓசை கேட்டால் என்ஜின் கெட்டுவிட்டதென்றும், ஓசையடங்கினால் நலமென்றும் பலர் கருதுகின்றனர். ஆகையால் இடைவெளியைக் குறைத்து ஓசையை அடக்கும்படி தொழிலாளியிடம் கூறுவோரும் உளர். உண்மை இதற்கு மாறானது. இடைவெளி மிகுந்தால் ஓசையும் தேய்மானமும் மிகும். வலிமை சற்றே குறையும். இடைவெளி அற்றுப்போனாலோ, புகை வெளியேறும் வால்வு எரிந்தே போகும். அந்த வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை ஆசனத்தில் அமர்ந்திருக்கும் கணத்தில்தான் இறக்கிவைக்கின்றது. நிமிஷத்திற்கு 2000 சுற்றுச் சுழலும் என்ஜினில் அது 1000 தடவை திறந்து மூடுகின்றது. ஒவ்வொரு தடவையும் சிறிது திறந்தே நின்றால் தீச்சுவாலை அவ்வழியே புகுந்து விளிம்பைத் தின்றுவிடும்.

இந்தியாவில் ஈயங்கலந்த பெட்ரோல் விற்பனை 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதும் இங்கே கவனிக்கத்தக்கது. அது மக்கள் நலத்திற்கு உகந்ததே. எனினும், வார்ப்பிரும்பிலேயே ஆசனம் கடையப்பட்ட பழைய என்ஜின்களில் ஈயமானது ஆசனத்திற்கு ஒரு பூச்சுப்போல உதவி வந்தது. அஃதின்றி ஓடும்போது ஆசனம் தேய்ந்து வால்வு உள்வாங்க, தண்டு மேலேறி, இடைவெளி தானாகவே குறைகின்றது. இதற்கு ஓசை இல்லை. ஆதலால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது மிகையன்று.

வேண்டிய கருவிகள் ஸ்பானர், திருப்புளி, பீலர் கேஜ் எனும் தகடு ஆகியவையே. தகடு இன்றிச் செவியால் மட்டும் தீர்மானிப்பவரிடம் வண்டியை விடலாகாது. என்ஜின் சூடாயிருக்கையில் அளப்பதா, ஆறிய பின் அளப்பதா என்பதை வண்டியின் கைப்புத்தகத்தைக் கண்டு பின்பற்றுக. எட்டு வால்வுகளையும் ஒரே நிலையில் அளக்க வேண்டும்.

சாவியை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றினால் என்ஜின் கையால் எளிதில் சுழலும். கைப்பிடியில்லாத வண்டியை மேல் கியரில் இட்டுச் சமதரையில் மெல்லத் தள்ளலாம். ராக்கர் மூடியை எடுத்தபின், ரேடியேட்டர்ப் பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை வால்வுகளை எண்ணிக்கொள்க. 1, 4, 5, 8 புகை வெளியேற்றுவன, ஏனையவை உள்ளிழுப்பன. எட்டாவது வால்வு முழுதும் திறந்து நிற்கையில் முதலாவதை அளக்க வேண்டும். ஆறாவது திறக்கையில் மூன்றாவது, நான்காவது திறக்கையில் ஐந்தாவது, ஏழாவது திறக்கையில் இரண்டாவது என்று, இரண்டெண்ணும் கூடி ஒன்பதாகும்படி வரும். பின்னர் இவ்விணைகளையே மாற்றி, முதலாவது திறக்கையில் எட்டாவது என்றவாறு எஞ்சியவற்றை முடிக்கலாம். இக்கணக்கை நினைவிற்கொண்டவருக்கு வேறு அடையாளம் தேவையில்லை.

தகடு சிறு உராய்வுடன் நுழைந்து வெளிவர வேண்டும். அளவு தவறினால் பூட்டு நட்டைத் தளர்த்தித் திருப்புளியால் திருகைச் சரிசெய்து, திருகு அசையாதபடி பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குக. இறுக்கியபின் மீண்டும் அளத்தல் அவசியம். பெரும்பாலார் தவறுவது இவ்விடத்தில்தான்.

நெடுநாள் ஓடிய ராக்கரின் அடியில் சிறு குழி விழுந்திருக்கும். தகடு அக்குழியின் மேல் பாலம்போல் கிடப்பதால் அளவு சரியாகத் தோன்றும். ஓசை மட்டும் நிற்காது. அப்போது திருகை மேலும் இறுக்குவது பிழை. ராக்கரை இழைத்துச் சமன்செய்விக்க வேண்டும்.

அளவுகளை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வைக்குக. சரிசெய்தும் ஒரே புகைவால்வின் இடைவெளி அடிக்கடி குறையுமாயின் அதன் ஆசனம் தேய்கின்றதென்று பொருள். தலைப்பாகத்தை இறக்கி, கடினமான ஆசன வளையம் பொருத்துவிப்பதற்கு அதுவே தருணம். வால்வு எரிந்தபின் செய்தால் செலவு பன்மடங்காகும்.