தக்கைப்பூண்டின் வேரில் ஓர் உரத் தொழிற்சாலை

தஞ்சை மாவட்டத்தில் கோடை மழை ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, நடவுக்கு முன் அதை மடக்கி உழுவதைக் கண்டிருப்பீர்கள். வளர்ந்த பயிரை ஏன் மண்ணில் புதைக்கிறார்கள்?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் கத்தரியோ வெண்டையோ அதை நேரே பயன்படுத்த இயலாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகியுள்ளன. அவற்றை அறுத்து அம்மோனியா ஆக்க, உரத் தொழிற்சாலையில் ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். தக்கைப்பூண்டின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் அதே வேலையை வயலின் வெப்பநிலையிலேயே முடிக்கின்றன! இத்தகைய பாக்டீரியாவை 1888-இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்தார். அதற்கான ஆற்றல், செடி சூரிய ஒளியால் ஆக்கித் தரும் சர்க்கரை.

உங்கள் கொல்லையிலும் செய்து பாருங்கள். சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். சுமார் 40 நாளில் ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி, முடிச்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பா? தொழிற்சாலை ஓடுகிறது. நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. பச்சையோ பழுப்போ ஆனால் வேலை நின்றுவிட்டது.

பூக்கத் தொடங்கும்போதே கொத்திப் புதையுங்கள். தாமதித்தால் தண்டு நாராகும். நைட்ரஜன் விதைக்குப் போய்விடும். இரண்டு, மூன்று வாரம் மக்கவிட்டுக் கத்தரி நாற்றை நடுங்கள். பக்கத்திலேயே தக்கைப்பூண்டு புதைக்காத பாத்தி ஒன்றிலும் நட்டு, இரண்டிலும் காயை எடைபோட்டுக் குறித்து வாருங்கள். விடையைச் செடியே சொல்லும்.