மணி நோக்கும் மரபு

நுழையும்முன்

அணிகலனில் பதித்த மணி அழகுக்கு மட்டும் உரியதன்று. அது நலம் தரும், தீமை விலக்கும், பிறந்த மாதத்தோடும் கோளோடும் உறவுடையது என்னும் நம்பிக்கைகள் பல நாடுகளில் உண்டு. அந்நம்பிக்கைகள் உருவான வகையையும், மணியைக் கூர்ந்து ஆராய்ந்து மதித்த தமிழரின் அறிவு மரபையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாதத்திற்கு ஒரு கல்

மேலைநாடுகளில் பிறந்த மாதத்திற்குரிய கல்லை அணியும் வழக்கம் உள்ளது. ஜனவரிக்குக் கார்னெட், பிப்ரவரிக்குச் செவ்வந்திக்கல், ஜூலைக்கு மாணிக்கம் என அவ்வரிசை அமையும். இதன் வேர் பழைமையானது. தலைமைக் குரு அணிந்த மார்புப்பட்டையில் இசுரயேலின் பன்னிரு குலங்களைக் குறிக்கும் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்டிருந்ததை விவிலியம் கூறுகிறது. பிற்காலத்தார் அப்பன்னிரண்டைப் பன்னிரு மாதங்களோடும் இராசிகளோடும் பொருத்தினர்.

கற்களைச் சுற்றிக் கதைகளும் வளர்ந்தன. செவ்வந்திக்கல்லின் கிரேக்கப் பெயருக்கு 'மயக்கம் தராதது' என்பது பொருள். அதை அணிந்தவரை மது மயக்காது எனப் பழங்கிரேக்கர் நம்பினர்.

ஆயினும், இன்று வழங்கும் மாதவரிசை அத்துணைத் தொன்மையுடையதன்று. அமெரிக்க நகை வணிகர் கூட்டமைப்பு ஒன்று 1912ஆம் ஆண்டில் அதனை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. 1967இல் தான்சானியா நாட்டில் கண்டறியப்பட்ட தான்சனைட் என்னும் நீலநிறக் கல், 2002இல் டிசம்பர் மாதக் கற்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. முன்னோர் கண்டிராத கல்லும் பிறப்பின் அடையாளமாக முடியும் என்பதை இது காட்டுகிறது.

கோள்களும் நவமணிகளும்

இந்திய மரபு மணிகளை ஒன்பது கோள்களோடு இணைத்தது. இவ்விணைப்பில் நிறத்திற்குப் பெரும்பங்கு உண்டு. செஞ்சுடர் வீசும் ஞாயிற்றுக்கு மாணிக்கம், வெண்ணிலவுக்கு முத்து, சிவந்த செவ்வாய்க்குப் பவளம் என அவை பொருத்தப்பட்டன. நவமணி மோதிரத்தில் மாணிக்கம் நடுவிலும் ஏனைய எட்டும் அதனைச் சூழ்ந்தும் அமைவது வழக்கம். கோளின் தீய பயனை அதற்குரிய மணி தணிக்கும் என்பது நம்பிக்கை. நீலம் எல்லார்க்கும் ஒத்துவராது எனக் கருதி, தலையணையின் கீழ் சில நாள் வைத்துப் பார்த்து அணிவோரும் உண்டு.

நாகம் தான் உமிழ்ந்த மணியின் ஒளியில் இரை தேடும், மூங்கிலிலும் கரும்பிலும் யானையின் மருப்பிலும் முத்துப் பிறக்கும் என்பன போன்ற செய்திகளும் இலக்கியங்களில் இடம்பெற்றுள்ளன. இயற்கையின் அரிய பொருளைக் கண்டு வியந்த மாந்தர் உள்ளம் படைத்த கற்பனைகள் இவை.

தெரிந்து தெளிவோம்

ஞாயிறு – மாணிக்கம்
திங்கள் – முத்து
செவ்வாய் – பவளம்
புதன் – மரகதம்
வியாழன் – புட்பராகம்
வெள்ளி – வைரம்
சனி – நீலம்
இராகு – கோமேதகம்
கேது – வைடூரியம்

குற்றம் காணும் கண்

நம்பிக்கைக்கு இணையாக, மணியை ஆராயும் கலையும் தமிழகத்தில் வளர்ந்திருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியைக் காண்கிறான். இளங்கோவடிகள் அங்கு விற்கப்படும் ஒன்பது வகை மணிகளையும், அவற்றின் ஒளியையும், நீக்கத்தக்க குற்றங்களையும் எடுத்துரைக்கிறார். காகத்தின் காலடி போன்ற கீறல், களங்கம், புள்ளி, கோடு ஆகியன வைரத்திற்குரிய குற்றங்களாகக் கூறப்படுகின்றன.

முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளும் இதற்குச் சான்றாகும். இறைவனுக்கு வழங்கிய அணிகலன்களில் இருந்த மணிகளின் எண்ணிக்கையும் வகையும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவைகளால் எடையும் குறிக்கப்பட்டுள்ளது. குற்றமுள்ள மணிகள் குற்றமுள்ளவை என்றே பதிவு செய்யப்பட்டுள்ளன. இறைவனுக்கு அளித்த பொருளாயினும் அதன் குறையை மறையாது எழுதிய நேர்மை எண்ணத்தக்கது.

மணி செய்த கைகள்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் அமைந்த கொடுமணல், பழங்காலத்தில் மணித்தொழில் சிறந்த ஊர். பதிற்றுப்பத்து இதனைக் கொடுமணம் எனக் குறிப்பிடுகிறது. அங்கு நிகழ்ந்த அகழாய்வில் பச்சைக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல் போன்றவற்றால் ஆன மணிகள் கிடைத்தன. பாதி செய்த மணிகளும் செதுக்கிய சில்லுகளும் அங்கேயே தொழிற்கூடங்கள் இருந்தமையை உணர்த்துகின்றன.

கடல்நீரின் வண்ணம் கொண்ட பச்சைக்கல்லை உரோமர் பெரிதும் விரும்பினர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, இக்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருவதாக எழுதினார். பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிக் கற்கள் செய்யப்பட்டதையும் அவர் குறிப்பிட்டார். விலை உயர்ந்த இடத்தில் போலியும் தோன்றுதல் இயல்பு. ஆதலால், தேர்ந்து கொள்ளும் அறிவு வாங்குவோர்க்கு அன்றும் தேவைப்பட்டது.

கல்லின் உள்ளே

இன்றைய அறிவியல் மணிகளின் உள்ளியல்பை விளக்குகிறது. மாணிக்கமும் நீலமும் அலுமினியம் ஆக்சைடு என்னும் ஒரே பொருளால் ஆனவை. சிறிதளவு குரோமியம் கலந்தால் அது செம்மை பெற்று மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. சோதிட மரபு ஞாயிற்றையும் சனியையும் பகைக் கோள்களாகக் கருதும். அவ்விரண்டிற்கும் உரிய மணிகளோ உடன்பிறந்தவை. வைரம் கரியின் ஒரு வடிவம். முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்கள் ஆக்கிய சுண்ணப்பொருள்கள். மணிகளுக்கு நற்பொருளையும் தீப்பொருளையும் வழங்கியவர் மாந்தரே என்பது இதனால் விளங்கும்.

சிலப்பதிகாரத்தின் திருப்புமுனையும் மணியைச் சார்ந்ததே. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். பொற்கொல்லன் சொல்லை நம்பிய அரசன், சிலம்பைத் திறந்து பாராமலேயே கோவலனைக் கொல்லப் பணித்தான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால், உயிர் மீளவில்லை. அந்த மாணிக்கம் கோவலனைக் காக்கவில்லை. உரிய காலத்தில் ஆராய்ந்திருந்தால் ஆராய்ச்சி அவனைக் காத்திருக்கும். மணியை அணிவதில் மகிழ்ச்சி உண்டு. அதனை ஆராய்ந்து அறிவதில் பாதுகாப்பு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் மணிகள் குறித்து வழங்கும் நம்பிக்கைகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'மணி காக்குமா? மதி காக்குமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.