சாட்சி சொல்லப் போகும் மருமகனுக்கு

திருப்போரூர்

கர்த்தருக்குள் பிரியமான மருமகனே,

வாலிபர் ஞாயிறன்று சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில் நாவலூர் சைட்டைப் பற்றியும் இரண்டு வரி. வடநாட்டு ஆட்கள் ராத்திரி ஒன்பது வரை வேலை செய்கிறார்கள், மேலே உள்ளவர் ஆறு மணியோடு கணக்கை முடித்து எழுதச் சொல்கிறார், நான் என்ன செய்ய முடியும் அத்தை என்று. நீ இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

நான் பிற்காலத்தில் நர்சாக இருந்த திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு 1947இல் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யில் வேலை. அழைத்து வந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். மடங்கிக் கிடந்த விரல்களைப் பார்த்து, இது ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். எலும்பு மருத்துவர் எவரும் இதுவரை இதை ஆராய்ந்ததில்லை என்றார் காக்ரேன். பிராண்ட் ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலித்தது. அப்படியானால் உள்ளே சில தசைகள் நல்ல வலுவோடு இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து வேறு இடத்தில் பொருத்தினால் விரல் நிமிரும். வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது இப்படித்தான்.

பிரசங்கத்தில் இதைச் சொல்பவர்கள் 'அவர் தொட்டார்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். அவருக்கு முன்பும் எத்தனையோ பேர் தொட்டுக் கட்டுப்போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறார்கள். இவர் கேள்வி கேட்டார், பதில் கிடைக்கும்வரை விடவில்லை. கை சரியான பிறகு சிலர் திரும்பி வந்து, இந்தக் கையோடு பிச்சையும் கிடைக்கவில்லை, தழும்பைப் பார்த்து வேலையும் தர மாட்டேன் என்கிறார்கள் என்றபோது, அதற்காகவும் வேலூரில் நவஜீவ நிலையம் வைத்துத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்.

காக்ரேனை உன் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் மருந்து என்றிருந்த காலம் மாறி, 1940களில் டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று உள்ளது உள்ளபடி எழுதிவைக்காமல் அந்த வேலை நடக்காது. அதற்குக் கைதட்ட யாரும் இல்லை.

உன் கையில் இருப்பதும் ஒரு பதிவேடுதான் தம்பி. ஒன்பது மணி என்றால் ஒன்பது என்றே எழுது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம்; அதையும் மேலே உள்ளவருக்கு மெயிலில் மரியாதையாக எழுதிப் போடு. அவர் அடித்துத் திருத்தினால் அது அவர் கணக்கு. வேலை போகலாம். போனால் ஆண்டவர் இதைவிடப் பெரிய வேலை தருவார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரோடு அப்படி வியாபாரம் பேசக்கூடாது. என் பென்ஷன் இருக்கிறது, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. எதிர்வீட்டு அம்மா கிருத்திகைக்குக் கந்தசாமி கோயில் போகிறவர்களுக்கு மோர் ஊற்றுவார் அல்லவா? போன முறை டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதே சுவிசேஷக் கைப்பிரதியையும் நீட்டினாய். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார், எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. நம் விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. அவரே கேட்டிருக்கிறார், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவருக்கு மூட்டு வலி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை. அதை நீ கேட்டாயா?

மறுபடி சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். சபை ஐயரிடம் அடுத்த மாதம் சொல்கிறேன் என்று கேட்டுக்கொள். பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் நீயே எடுத்துப் பேசிய பகுதிதான். தசமபாகத்தைச் சரியாகக் கொடுக்கிறாய், சந்தோஷம். அது எந்தச் சம்பளத்திலிருந்து வருகிறது என்றும் பார்.

நீ அனுப்பிய சைட் போட்டோவில் முன்னால் நிற்கிற பையனின் முழங்கையில் வெளிறிய தேமல் தெரிகிறது. சாதாரணத் தேமலாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று கேள். தெரியவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீயே கூட்டிப்போ. தொழுநோயாகவே இருந்தாலும் மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். மற்றவர்கள் எதிரில் கேட்காதே, அவனை ஷெட்டிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பிரியமுள்ள,
அத்தை