சரக்குக் குமாஸ்தா நடத்திய ரயில்

கடைக்குச் சரக்கு வந்து இறங்கினால் பில்லில் உள்ள விலையோடு நாம் நிற்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து மூட்டைக்கு என்ன அடக்கம் என்று பார்க்கிறோம். இதே கணக்கை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ரயில் கம்பெனியை நடத்திக் காட்டியவர் ஜேம்ஸ் ஜே. ஹில். நம் வணிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1838-ல் கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வில் அம்பு விளையாட்டில் வலது கண் பார்வை போயிற்று. 14 வயதில் தந்தையை இழந்து, படிப்பை விட்டு, கிராமத்துக் கடையில் வேலைக்கு நின்றார். 1856-ல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகருக்கு வந்து, மிசிசிப்பி ஆற்றுப் படகுக் கம்பெனியில் குமாஸ்தா ஆனார். அடுத்து மொத்த மளிகை வியாபாரிகளிடம் சரக்கு அனுப்பும் வேலை.

அந்நாளில் படகில் வந்த சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, ரயிலடியில் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும். 1866-ல் ஹில் ஆற்றங்கரையிலேயே ஒரு கிடங்கு கட்டினார். ஒரு பக்கம் படகு, மறு பக்கம் ரயில் பெட்டி. நடுவில் வண்டி வாடகையும் இரட்டைக் கூலியும் மிச்சம். அவருடைய பிற்காலச் சாமர்த்தியம் எல்லாம் இந்தக் கிடங்கிலேயே அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம்.

1873 நெருக்கடிக்கு முன்பே நொடித்துப்போன செயின்ட் பால் அண்ட் பசிபிக் ரயில்வேயை 1878-ல் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். அதுவே பின்னாளில் கிரேட் நார்தர்ன் ஆகி, 1893-ல் பசிபிக் கரையைத் தொட்டது. மற்ற பெரிய கம்பெனிகள் அரசு கொடுத்த நிலத்தை நம்பிப் பாதை போட்டன. இவருக்கு மினசோட்டாவில் இருந்த பழைய பாதைக்கு மட்டுமே அந்தச் சலுகை. ஆகவே ஏற்றமும் வளைவும் குறைந்த வழியாகத் தேடித் தேடிப் பாதை அமைத்தார். ஏற்றம் குறைந்தால் ஒரே எஞ்சின் கூடுதல் சரக்கை இழுக்கும். மேற்கே சரக்கோடு போன பெட்டிகள் காலியாகத் திரும்பக் கூடாது என்று மரத்துக்கு வாடகையைக் குறைத்து வைத்தார். ரிட்டர்ன் லோடின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1893 நெருக்கடியில் யூனியன் பசிபிக்கும் நார்தர்ன் பசிபிக்கும் திவாலாயின. இவருடைய கம்பெனி நின்றது.

குறையில்லாத மனிதர் என்று சொல்ல மாட்டோம். நெருக்கடியைக் காட்டிச் சம்பளத்தைத் திரும்பத் திரும்பக் குறைத்தார். 1894-ல் தொழிலாளர்கள் 18 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்கள் உள்ளூர் வணிகர்கள். தலைமை மாவு ஆலை அதிபர் சார்லஸ் பில்ஸ்பரி. தீர்ப்பு பெரும்பாலும் தொழிலாளர் பக்கமே போயிற்று. ரயில் நின்றால் மாவு மூட்டையும் நிற்கும் என்பது அந்த வணிகர்களுக்குத் தெரியும். மான்டானாவின் வறண்ட நிலத்தில் குடியேறும்படி விவசாயிகளை ஊக்குவித்ததும் ஹில்தான். 1917 முதல் மழை பொய்த்தபோது அங்கே பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின.

வீட்டுக் கதைக்கு வருவோம். ஹில் சாப்பிடப் போகும் மெர்ச்சன்ட்ஸ் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்தவர் மேரி மெகெகன். அவரைக் கன்னிமாடப் பள்ளியில் படிக்க வைத்து, 1867-ல் மணந்தார். பத்துப் பிள்ளைகள்; ஒன்று குழந்தையிலேயே இறந்தது. மகன் லூயிஸ் 1907-ல் கம்பெனித் தலைவரானார்.

1916 மே 29-ல் ஹில் காலமானார். சொத்து ஆறு கோடி டாலருக்கு மேல். டன்னுக்கு, மைலுக்கு என்று செலவைக் கணக்கிட்ட மனிதர் உயில் எழுதவில்லை! 1921-ல் மேரியும் மறைந்த பிறகு, சொத்து நிர்வாகம் குறித்துப் பிள்ளைகளின் சச்சரவு நீதிமன்றம் வரை போயிற்று. நம் கடைத்தெருக்களிலும் பங்காளி வழக்கில் பூட்டிக் கிடக்கும் கடைகளைப் பார்க்கிறோம். ஹில் ஆசையோடு கட்டி 1891-ல் குடியேறிய மாளிகையை 1925-ல் பெண்கள் நால்வர் வாங்கிக் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கொடுத்துவிட்டனர்.