குப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்

கன்னத்தில் மங்கு விழுந்தவர்கள், கண்ணோரத்தில் சுருக்கம் தெரியத் தொடங்கியவர்கள், பரு ஆறியும் கருந்திட்டு போகாதவர்கள் எல்லோரும் இன்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: வைட்டமின் சி சீரம் வாங்கவா, ரெட்டினால் வாங்கவா? இரண்டும் பலன் தருபவைதான். ஆனாலும் குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கையிலிருக்கும் பணத்தில் சன்ஸ்கிரீனுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள் என்றுதான்.

நிலநடுக்கோட்டிலிருந்து நாம் எட்டே டிகிரி தள்ளி இருக்கிறோம். ஆனி, ஆடியில் வானம் மூடிக் கிடந்தாலும் புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வந்துவிடும். குளச்சலில் மீன் எடுக்க நிற்பவரும் சாமித்தோப்பு உப்பளத்தில் வேலை செய்பவரும் குடை, தொப்பி, சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்தச் சீரம் பூசினாலும் காசு வீண்தான். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாததாக வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும்; அந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் இரண்டு மாதம்கூட வராது. வெளியிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும். அதைத் தடுக்க, இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது.

வைட்டமின் சி காலையில் பூசுவது. குப்பியில் எல்-அஸ்கார்பிக் ஆசிட் என்று இருந்தால் அதுதான் அசல் வடிவம். 10 முதல் 20 சதவீதம் போதும், அதற்கு மேல் போனால் எரிச்சல்தான் கூடும். அமிலத்தன்மை நன்றாக இருந்தால்தான் (பி.எச். 3.5க்குக் கீழே) தோலுக்குள் இறங்கும். 15 சதவீத வைட்டமின் சி-யோடு வைட்டமின் ஈ-யும் பெருலிக் ஆசிடும் சேர்ந்த கலவை நன்றாக நிலைத்து நிற்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2005-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

அஸ்கார்பிக் ஆசிடுக்குப் பகை காற்றும் வெளிச்சமும் சூடும். நம் ஊரில் மூன்றும் தாராளம். எனவே 30 மில்லிக்கு மேல் வாங்காதீர்கள். கறுத்த கண்ணாடிக் குப்பியாக இருக்கட்டும், ஃபிரிட்ஜில் வையுங்கள், திறந்த மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். சீரம் தேன் நிறத்துக்கு, பழுப்புக்கு மாறிவிட்டால் விலையைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். எண்ணெய் வழியும் முகமும் எரிச்சல் தாங்காத தோலும் உள்ளவர்களுக்குச் சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் சாதுவானவை. வேகம் குறைவு, ஆனால் இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் கெடாது.

எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம்தான். 10 சதவீதச் சீரத்தில் அதைப்போல் 200 மடங்கு. சாற்றில் நிறைந்திருப்பது சிட்ரிக் அமிலம். சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து, கறுப்பு இன்னும் கூடும்.

ரெட்டினால் இரவுக்கு உரியது. பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். ரெட்டினால் அழகுப் பொருள். ட்ரெட்டினாயின் மருத்துவர் சீட்டுக்கு உரிய மருந்து, அதைவிடப் பல மடங்கு வீரியமானது. புதிதாகத் தொடங்குபவர்கள் 0.1 அல்லது 0.2 சதவீதம் எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியமே முகப் பூச்சுக்கு 0.3 சதவீதத்தை உச்சவரம்பாக்கிவிட்டது. ஒரு சதவீதம் என்று பெரிதாக அச்சடித்த குப்பிக்கு மயங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு, பட்டாணி அளவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, கண்ணிமையும் உதட்டோரமும் விட்டு. தோல் உரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர் பூசி அதன் மேல் பூசுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இதைத் தொடவே கூடாது. அவர்களுக்கு வைட்டமின் சி-யில் தடையில்லை.

என் பெரிய கவலை இவை இரண்டும் அல்ல. மெடிக்கலில் போய் “மங்குக்கு ஒரு க்ரீம் தாங்க” என்று கேட்டு வாங்கும் டியூப்தான். அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும், அதனால் விட மனம் வராது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக்குழாய் தெரிய, பரு கொப்பளிக்கும், நிறுத்தினால் எரியும். மொமெட்டசோன், புளூசினோலோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் – இந்தப் பெயர்களில் ஒன்று பின்பக்கத்தில் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். 2018-இல் மத்திய அரசே இத்தகைய 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை ஆக்கியது. ஏற்கெனவே பூசி வருபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.

வளைகுடாவிலிருந்து அண்ணனோ மைனியோ கொண்டுவரும் வெள்ளையாக்கும் க்ரீம் அதைவிட மோசம். 2023-இல் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலில், சிறுநீரகம் பழுதாகி வந்தவர்கள் பூசிய க்ரீம்களில் மருத்துவர்கள் பாதரசத்தைக் கண்டார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனை நடத்தியது அந்த ஆண்டில்தான். தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பா, யார் அன்பாகக் கொடுத்தாலும் முகத்துக்கு வேண்டாம்.

வரும் மாதம் கல்யாணம் என்றால் ரெட்டினாலை இப்போது தொடங்காதீர்கள். மணமேடையில் தோல் உரிந்து நிற்கும். சன்ஸ்கிரீனும், முன்பே பழகியிருந்தால் வைட்டமின் சி-யும் போதும். ஏற்கெனவே ரெட்டினால் பூசுபவர்கள் முகத்தில் திரெடிங், வாக்ஸிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்திவிட்டு, பார்லரில் உட்காரும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.